பணி மாற்றம் நாடும் வயதுவந்தோரும் தேர்வுகளும்

(தொலைநிலைக் கல்வி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர் என்ற சொல்லைக் கேட்டவுடன் இருபது வயதை எட்டாத ஓர் இளைஞரின் தோற்றமே பெரும்பாலோருடைய மனத்தில் எழுகிறது. இந்த அவையில் அமர்ந்திருப்பவர்களுக்கு அத்தோற்றம் பொருந்தாது. பகல் முழுவதும் பணிமனையிலோ, அலுவலகத்திலோ, வீட்டிலோ உழைத்துவிட்டு, இரவில் பாடநூலைத் திறப்பவர்களே உங்களில் பலர். முப்பத்தைந்து வயதிலும் நாற்பது வயதிலும் நுழைவுச் சீட்டுடன் தேர்வுக் கூடத்திற்குச் செல்பவர்கள் நீங்கள். இப்போது செய்யும் தொழிலை விட்டு வேறு தொழிலுக்குச் செல்ல வேண்டும் என்பது உங்கள் நோக்கம். அந்த நோக்கத்திற்குத் தேர்வு முறை எந்த அளவுக்குத் துணை நிற்கிறது, எங்கே தடையாகிறது, அத்தடைகளை நீக்க நாம் என்ன செய்யலாம் என்பனவே இன்றைய என் பேச்சின் பொருள்.

நாட்டின் வளர்ச்சியோடு இதற்குத் தொடர்பு உண்டு. தொழில்கள் மாறுகின்றன, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்வளித்த தட்டச்சுப் பணியும் அச்சுக் கோக்கும் பணியும் இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டன. இருபது வயதில் கற்றதைக் கொண்டே அறுபது வயதுவரை பணிபுரியலாம் என்ற நிலை இனி இல்லை. எனவே, இடையில் மீண்டும் கற்று, மீண்டும் தேர்வு எழுதி, வேறு துறைக்குச் செல்லும் வழி திறந்திருக்க வேண்டியது தனிமனிதரின் தேவை மட்டுமன்று. நாட்டின் மனித ஆற்றல் வீணாகாமல் காப்பதற்கும் அது இன்றியமையாதது.

வழி திறந்த வரலாறு

1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தோன்றிய பல்கலைக்கழகங்கள் தொடக்கத்தில் பாடம் நடத்தும் அமைப்புகளாக இருக்கவில்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே அவை இருந்தன. பின்னாளில் தனித்தேர்வர் என்ற ஏற்பாடு வேரூன்றியபோது, பள்ளி ஆசிரியர்களும் வீட்டிலிருந்தே படித்த பெண்களும் அவ்வழியில் பட்டம் பெற்றனர். ஆனால் தனித்தேர்வருக்குப் பாடத் திட்டமும் தேர்வு நாளும் மட்டுமே கிடைத்தன. கற்பிக்க எவரும் இல்லை.

அந்தக் குறையைப் போக்க அறிஞர் டி. எஸ். கோத்தாரி தலைமையிலான குழு 1961இல் ஆராய்ந்தது. அதன் பயனாக 1962இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. 1974இல் ஜி. பார்த்தசாரதி தலைமையில் அமைந்த குழு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவலாம் எனப் பரிந்துரைத்தது. 1982இல் ஆந்திரப் பிரதேசம் அவ்வகையில் முதல் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிற்று. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1987இல் இரண்டு பட்டயப் படிப்புகளையும் 4,528 மாணவர்களையும் கொண்டு அது கற்பித்தலைத் தொடங்கியது. பள்ளிக் கல்வியில், 1979இல் ஒரு சோதனைத் திட்டமாக ஆரம்பித்த திறந்தநிலைப் பள்ளி 1989இல் தனி நிறுவனமாயிற்று. மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2020-21ஆம் ஆண்டில் தொலைநிலைக் கல்வியில் பதிவு செய்திருந்தோர் 45.71 இலட்சம் பேர். உயர்கல்வி மாணவர்களில் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர் இவ்வகையினர்.

இரண்டு முன்னோடிகள்

நடுவயதுக் கல்வி புதிய காலத்தின் விந்தை என எண்ண வேண்டியதில்லை. டாக்டர் அம்பேத்கர் 1918இல் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியேற்றார். இலண்டனில் தாம் இடையில் விட்டுவந்த படிப்பை முடிப்பதற்காகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார்; கோலாப்பூர் மன்னரின் உதவியும் நண்பர் ஒருவரின் கடனும் சேர்ந்தன. 1920இல் வேலையை விட்டு மீண்டும் மாணவரானார். 1922இல் பாரிஸ்டர் தகுதியும் 1923இல் பொருளாதாரத்தில் உயர் ஆய்வுப் பட்டமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. பேராசிரியர் என்ற நிலையான வருவாயை விட்டு வழக்கறிஞர் தொழிலுக்கு வந்த அந்த மாற்றத்தின் பயனை நாடு அறியும்.

துர்காபாய் தேஷ்முக் சிறுவயதில் பள்ளியை விட்டவர். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். அதன் பின்னரே காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தனியாகப் படித்து எழுதினார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1942இல் சென்னையில் சட்டப் பட்டமும் பெற்று வழக்கறிஞரானார். பிற்காலத்தில் மத்திய சமூக நல வாரியத்தின் தலைவராக இருந்தபோது, 1958இல் பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளியை இடையில் விட்ட பெண்களைக் குறுகிய காலத்தில் தேர்வுக்குத் தகுதியாக்கி, ஆசிரியர், செவிலியர், கிராம சேவிகை ஆகிய பணிகளுக்கு அனுப்புவது அதன் நோக்கம். தாம் பட்ட சிரமத்தைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு திட்டமாக ஆக்கியதே அம்மையாரின் சிறப்பு.

எங்கே வயது வரம்பு உண்டு, எங்கே இல்லை

பணி மாற்றம் நாடுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுவே. பலர் பாடநூல்களை வாங்கிய பின்னரே இதை விசாரிக்கின்றனர்.

அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுகளுக்குப் பொதுவாக வயது வரம்பு உண்டு. மத்தியக் குடிமைப் பணித் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 32, பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 35, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 37 என உச்ச வயது வகுக்கப்பட்டுள்ளது. பொதுப் பிரிவினர் ஆறு முறையும் பிற்படுத்தப்பட்டோர் ஒன்பது முறையும் மட்டுமே எழுதலாம்.

ஆனால் தகுதித் தேர்வுகளின் நிலை வேறு. மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு உச்ச வயது இல்லை. கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான 'நெட்' தேர்வுக்கும் இல்லை. அதே தேர்வின் வழியாக ஆராய்ச்சி உதவித்தொகை பெறுவதற்கு மட்டுமே வரம்பு உண்டு. மருத்துவப் படிப்புக்கான 'நீட்' தேர்வில் விதிக்கப்பட்டிருந்த உச்ச வயதைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022 மார்ச்சில் நீக்கியது. சட்டப் படிப்பில் மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது, ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வயது என்ற வரம்பைப் பார் கவுன்சில் கொண்டுவந்தது. அதனை உச்ச நீதிமன்றம் 2017 மார்ச்சில் நிறுத்திவைத்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் குறைந்தபட்ச வயது 14. உச்ச வரம்பு கிடையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தகுதித் தேர்வுக்கு வயது வரம்பு இல்லை என்பதால், அத்தகுதியைக் கொண்டு பெறும் வேலைக்கும் வரம்பு இல்லை என்று பொருளாகாது. ஆசிரியர் தகுதிச் சான்று ஒருவருக்கு நாற்பத்தைந்து வயதில் கிடைக்கலாம். நியமனம் செய்யும் மாநிலமோ நிறுவனமோ வேறு வரம்பு வைத்திருக்கலாம். ஆகவே, தேர்வின் அறிவிப்பை மட்டுமன்றி, பணி நியமன விதிகளையும் படித்த பிறகே கட்டணம் செலுத்த வேண்டும்.

அங்கீகாரம் என்னும் அடித்தளம்

வயது வரம்பைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பல ஆண்டுகள் படித்துத் தேறிய பின்னர் அப்பட்டம் செல்லாது எனத் தெரிய வருவதே அது.

2017 நவம்பர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் இன்றி, தொலைநிலை வழியில் பொறியியல் பட்டம் வழங்கியிருந்தன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அவர்கள் அக்குழு நடத்தும் தேர்வை அதிகபட்சம் இரண்டு வாய்ப்புகளுக்குள் எழுதித் தேறினால் பட்டம் மீண்டும் உயிர்பெறும் என்றது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் அடியோடு இரத்தாயின. பாதிக்கப்பட்டவர்களில் பலர் பட்டயப் படிப்பு முடித்துப் பணியில் இருந்தவர்கள். அப்பட்டத்தைக் கொண்டு பதவி உயர்வு பெற்றவர்கள். பட்டம் பெற்றுப் பத்து ஆண்டுகள் கடந்த பின்னர், பொறியாளராகப் பணிபுரிந்துகொண்டிருந்தவர்கள் 2018ஆம் ஆண்டில் மீண்டும் தேர்வுக் கூடத்தில் அமர நேர்ந்தது. பிழை நிறுவனத்தினுடையது, அதன் விலையைக் கொடுத்தவர்கள் மாணவர்கள்.

மற்றொரு எடுத்துக்காட்டு, இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்தும் 'ஏ.எம்.ஐ.இ.' தேர்வு. 1920இல் தோன்றிய இந்த நிறுவனத்தின் தேர்வுகள், தொழிற்கூடங்களில் பணியாற்றிய எத்தனையோ பேரைக் கல்லூரி வாசலை மிதிக்காமலேயே பொறியாளர்களாக்கின. ஆனால் 2012இல் மத்திய அரசு பிறப்பித்த ஆணையின்படி, 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கே பட்டத்திற்கு இணையான மதிப்பு உறுதியளிக்கப்பட்டது. அண்ணன் தேறிய அதே தேர்வைத் தம்பி எழுதினாலும் மதிப்பு ஒன்றாக இராது. இத்தகைய மாற்றங்கள் நகரத்து அலுவலகங்களில் விரைவில் தெரிந்துவிடுகின்றன. தொலைவிலுள்ள சுரங்கத்திலோ ஆலையிலோ பணிபுரிபவருக்குத் தெரிவதில்லை.

எனவே, சேருமுன் மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடை பெறுங்கள். முதலாவது, அந்த நிறுவனத்துக்கு மட்டுமன்றி, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் அந்தக் குறிப்பிட்ட ஆண்டுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உண்டா? இரண்டாவது, அப்படிப்பைத் தொலைநிலையில் நடத்தவே விதி இடம் தருகிறதா? பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், கட்டடக் கலை, சட்டம் முதலிய படிப்புகளுக்கு 2020ஆம் ஆண்டின் விதிமுறைகள் இடம் தரவில்லை. மூன்றாவது, நீங்கள் செல்ல விரும்பும் பணியின் நியமன விதிகளில் அப்பட்டம் இடம்பெற்றுள்ளதா?

நேரக் கணக்கு

ஒருவர் பாதியில் படிப்பை விடுவதற்கு அறிவுக் குறைவு காரணமாவது அரிது. நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டதே பெரும்பாலும் காரணமாகிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு 'கிரெடிட்' என்பது 30 மணி நேர உழைப்பு. 132 கிரெடிட் கொண்ட இளங்கலைப் பட்டத்திற்கு 3,960 மணி நேரம் ஆகும். மூன்று ஆண்டுகளில் முடிக்க விரும்பினால் வாரத்திற்கு ஏறத்தாழ 25 மணி நேரம் வேண்டும். அனுமதிக்கப்பட்ட ஆறு ஆண்டுகளையும் எடுத்துக்கொண்டால் 13 மணி நேரம் போதும். முழுநேர வேலையும் குடும்பமும் உள்ளவர் வாரத்திற்கு 25 மணி நேரம் ஒதுக்குவது அரிது. 13 மணி நேரம் ஒதுக்குவது கடினமாயினும் இயலக்கூடியது. ஆகவே, ஐந்து அல்லது ஆறு ஆண்டுத் திட்டத்துடன் தொடங்குவதே பலருக்கும் ஏற்றது. முதல் பருவத்தில் எல்லாத் தாள்களையும் எழுதி, பாதியில் தவறி, மனம் தளர்வதைவிட, இரண்டு தாள்களை நன்கு எழுதித் தேறுவது மேல்.

திறந்தநிலைப் பள்ளித் தேர்விலும் இவ்வசதி உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் அளிக்கப்படுகின்றன. தேறிய பாடங்களின் மதிப்பெண்கள் சேமித்து வைக்கப்படுகின்றன. இது தளர்வு அன்று. உழைக்கும் மக்களின் வாழ்க்கையை உணர்ந்து வகுத்த முறை.

படிக்கும் முறையும் எழுதும் முறையும்

வயது ஏறினால் நினைவாற்றல் குன்றிவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. புதிய செய்திகளை மனத்தில் ஏற்றும் வேகம் ஓரளவு குறைவது உண்மையே. ஆனால் சொல் வளமும், உலக அனுபவமும், ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்க்கும் ஆற்றலும் நடுவயதில் குறைவதில்லை. பொருளாதாரத்தில் விலைவாசியைப் பற்றிப் படிக்கும் குடும்பத் தலைவிக்கும், தொழிலாளர் சட்டத்தைப் படிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும், இளைஞருக்கு இல்லாத ஓர் அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது.

மறதியின் போக்கை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885இலேயே ஆராய்ந்து வெளியிட்டார். ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் பலமுறை படிப்பது நிலைக்கும் என்பது அன்று முதல் தெளிவாகியுள்ளது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்களைவிட, படித்தபின் நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகமாக நினைவு வைத்திருந்தனர். எனவே, கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் படித்து, இருபது நிமிடம் நூலை மூடி எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று, எவரும் எளிதில் நினைத்துப் பார்க்காத இடையூறு: கை. கல்லூரியை விட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆனவருக்கு மூன்று மணி நேரம் தொடர்ந்து பேனா பிடித்து எழுதும் பழக்கம் போய்விட்டிருக்கும். விடை தெரிந்தும் நேரம் போதாமல் கடைசி வினாவை விட்டுவிடுவோர் பலர். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே, பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறையாவது முழுத் தேர்வாக எழுதிப் பழக வேண்டும். ஒப்படைப்புகளையும் குறித்த நாளுக்குள் கையால் எழுதி முடிப்பது இதற்கு நல்ல பயிற்சி. பல படிப்புகளில் மொத்த மதிப்பெண்ணில் நூற்றுக்கு முப்பது அவற்றுக்கே உரியது.

வேலையை விடலாமா?

இது அடிக்கடி கேட்கப்படும் வினா. முதல் கட்டத் தேர்வில் தேறும்வரை வேலையை விட வேண்டாம் என்பதே என் கருத்து. வருவாய் நின்ற வீட்டில் அமைதியாகப் படிக்க இயலாது. மருத்துவம், சட்டம் போன்ற முழுநேரப் படிப்புகளுக்கு மட்டுமே வேலையை விடுவது தவிர்க்க இயலாததாகிறது. அப்போதும் ஓராண்டுக் குடும்பச் செலவைச் சேமித்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். குடும்பத்தாரின் ஒப்புதலும் வேண்டும். ஏனெனில் அந்த ஆண்டுகளின் சுமையை அவர்களும் சுமக்கிறார்கள்.

அரசு ஊழியர்கள் சில விதிகளை அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி விடுப்பு விதிகளின்படி, ஐந்தாண்டுப் பணி முடித்தவருக்குப் பணிக்காலம் முழுவதிலும் பொதுவாக 24 மாதம் வரை கல்வி விடுப்பு வழங்கலாம். ஆனால் பொதுவாக அவருடைய பணியோடு நெருங்கிய தொடர்புடைய படிப்புக்கே அது கிடைக்கும். பணி மாற்றத்திற்குப் படிப்பவருக்கு அது உதவாது. அவருக்கு ஈட்டிய விடுப்பே துணை. மற்றோர் அரசுப் பதவிக்குச் செல்ல விரும்புபவர் உரிய வழியில் அலுவலகத்தின் மூலம் விண்ணப்பித்தால், தேர்வான பின்னர் அளிக்கும் விலகல் 'தொழில்நுட்ப விலகல்' எனக் கருதப்பட்டு, முந்தைய பணிக்காலத்தின் பயன்கள் காக்கப்படும். அவ்வாறு விண்ணப்பிக்காதவர்கள் அப்பயன்களை இழக்க நேரிடும்.

செய்ய வேண்டியவை

இங்குள்ள அலுவலர்களிடம் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவதாக, எந்தப் படிப்பு எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்தப் பணிக்கு ஏற்கப்படுகிறது என்பதை எளிய மொழியில், எல்லா இந்திய மொழிகளிலும், ஒரே பட்டியலாக வெளியிட வேண்டும். இன்று இத்தகவல்கள் பல அமைப்புகளின் ஆணைகளில் சிதறிக் கிடக்கின்றன. ஓர் எழுத்தரோ பொருத்துநரோ அவற்றைத் தேடித் தொகுக்க வேண்டும் என எதிர்பார்ப்பது முறையாகாது.

இரண்டாவதாக, தேசிய அளவிலான திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலும் இந்தியிலுமே உள்ளன. தாய்மொழியில் பள்ளிக் கல்வி முடித்து இருபது ஆண்டுகள் ஆனவருக்கு மொழியே முதல் தேர்வாகிவிடுகிறது.

மூன்றாவதாக, தேர்வு மையங்கள் மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடக் கூடாது. தேர்வுக்காக ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டு வெளியூரில் தங்க வேண்டிய நிலையில், கைக்குழந்தை உள்ள பெண் தேர்வர் தேர்வையே கைவிடுகிறார்.

நான்காவதாக, அலுவலகத் தலைவர்களின் மனப்பான்மை. தம் கீழ்ப் பணிபுரிபவர் படிக்கிறார் என்றால் அவர் வேலையில் கவனம் செலுத்தமாட்டார் என்ற ஐயம் பல இடங்களில் உண்டு. தேர்வு நாள்கள் முன்பே தெரிந்துவிடுகின்றன. அந்த நாள்களுக்கு விடுப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, செலவும் இல்லை.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். நீங்கள் எழுதும் தேர்வில் தேறினாலும் விரும்பிய பணி உடனே கிடைக்கும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. புதிய துறையில் தொடக்க ஊதியம் இப்போதையதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். உங்களைவிட வயதில் இளையவரின் கீழ்ப் பணிபுரியவும் நேரலாம். இவற்றை முன்பே எண்ணிப் பார்த்து, கணக்கிட்டு, அதன் பின்னரும் செல்ல வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் செல்லுங்கள். இந்தப் பருவத்திற்கான தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளை இன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதப்போகும் இரண்டு தாள்களை இந்த வாரத்திலேயே முடிவு செய்யுங்கள்.